கயிறு எட்டும் தூரம்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுகிறேன். கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன், கவலை வேண்டாம். அங்கே நீ எப்படி? அம்மாவின் முட்டிவலி தேவலையா?

நுழைவுத் தேர்வில் தேறிவிட்டேன்! உடனே குதிக்காதே, பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறேன். பதினோராயிரம் பேர் எழுதி அறுநூறு பேர் தேறியிருக்கிறோம். வெறும் எண்களாகப் பட்டியல் ஒட்டியிருந்தார்கள், என் எண்ணைக் கண்டுபிடிப்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. இந்த அறுநூறில் மருத்துவத்துக்கு எடுப்பது அறுபது பேரைத்தான். அதை ஒரு கட்டுரையை வைத்து முடிவு செய்வார்களாம். ‘உங்களை மருத்துவத்துக்கு அழைத்துவந்த ஒரு சொந்த அனுபவம்.’ மூன்று பக்கம், கையால் எழுத வேண்டும். அடியில் ‘இது என் சொந்த அனுபவம்’ என்று உறுதி சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். பிப்ரவரி கடைசி நாள் கெடு.

எதிர்க் கட்டில்காரிக்கு அப்பாவும் டாக்டர், தாத்தாவும் டாக்டர். “எதை எழுதுறது, எதை விடுறதுன்னே தெரியலடி” என்று அலுத்துக்கொள்கிறாள். எனக்கு என்ன அனுபவம் இருக்கிறது? பன்னிரண்டு வயதிலிருந்து விடுதி, புத்தகம், விடுதிச் சாப்பாடு. அஜீரணத்தைப் பற்றி வேண்டுமானால் முப்பது பக்கம் எழுதுவேன்.

அது கிடக்கட்டும். கொஞ்ச நாளாக அப்பா ஞாபகமாகவே இருக்கிறது. அவர் விழுந்து கிடந்த அந்த இரண்டு வருஷம் நீ எப்படி அவரைப் பார்த்துக்கொண்டாய் என்று நான் கேட்டதே இல்லை. எழுதேன் அக்கா. ஒன்றுவிடாமல் எழுது.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
வாலு

ஜனவரி 20

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவின் முட்டி வழக்கம்போல மழைக்கு முன்னால் சேதி சொல்கிறது. உன் தேர்வு விஷயத்தை அதற்குள் தெரு முழுக்க இரண்டு சுற்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அந்த அறுநூறு பேரில் ஒருத்தி என் தங்கை என்று நினைக்கவே எனக்குக் கர்வமாக இருக்கிறது. மற்ற ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேரில் எத்தனை கிறுக்குகளோ!

என் பரிசோதனைக் கூடத்தில் பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்கிறவர்கள் எல்லோரும் என்னைப் பேய் மாதிரிப் பார்க்கிறார்கள். பட்டையைக் கட்டு, நரம்பைத் தட்டு, ஊசியைப் போடு, குழாயில் பெயரை ஒட்டு. இயந்திரத்தில் ரத்தம் எடுத்த குழாய்கள் சுழலுகிற பத்து நிமிஷம் எனக்கே எனக்கு. அந்தப் பத்து நிமிஷத்தில் நானும் ஏதோ படித்துக்கொண்டிருக்கிறேன். என்ன என்று கேட்காதே.

அப்பாவைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். அவர் போய்ச் சேர்ந்த இந்த மூன்று வருஷத்தில் இதை யாருமே என்னிடம் கேட்டதில்லை, வாலு. அம்மாகூட.

முப்பது வருஷம் ஒரே கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டினவர். “நான் பார்க்காத ஏற்ற இறக்கமா?” என்று சிரிப்பாரே, அந்த மனுஷனுக்கு ஒரே காலையில் வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. கூப்பிட முடியாது. மணி கொடுத்துப் பார்த்தோம், இடது கையால் பிடிக்க வராமல் கீழே போட்டுவிடுவார். அப்புறம்தான் துணி உலர்த்தும் நீலக் கயிற்றை எடுத்தேன். ஒரு முனை அவர் இடது மணிக்கட்டில், மறு முனை என் இடது கணுக்காலில். கைக்குக் கட்டினால் வேலை ஓடாதே! ஒரு இழுப்பு இழுத்தால் தண்ணீர். இரண்டு என்றால் புரட்டிப் போட வேண்டும். மூன்று இழுத்தால் ஒன்றும் வேண்டாம், சும்மா வந்து பக்கத்தில் உட்கார வேண்டும். இதை நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை, தானாகவே அமைந்துவிட்டது.

அந்தக் கயிறு அடுப்புவரை எட்டும். குழாயடிவரை எட்டும். வாசல்வரை எட்டாது. இரண்டு வருஷம் அதுதான் என் ஊர், உலகம் எல்லாம்.

நேரத்துக்குச் சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வை.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 2

என் செல்ல அக்காவுக்கு,

இங்கே சளி, இருமல் தவிர வேறு குறையில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள், எத்தனை பேர் இருமலை வாங்கிக்கொள்கிறாயோ.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் அழுதேன். நிஜமாக. நான்கு தடவை படித்துவிட்டேன்.

இன்னும் சொல் அக்கா. எத்தனை மணிக்கு ஒரு தடவை புரட்டிப் போடுவாய்? படுக்கைப் புண் எங்கே வந்தது, எப்படித் துடைப்பாய்? அறையில் என்ன வாசனை இருந்தது? டாக்டர் வந்து பார்த்தபோது என்ன சொன்னார்? அப்பா கோபப்படுவாரா? உனக்கு எப்போதாவது வெறுத்துப்போனதா?

நீ ஒரு நோட்டு எழுதி வைத்திருந்தாய் என்று அம்மா முன்பு ஒருமுறை சொன்னாள். அதைக் கொஞ்சம் அனுப்புகிறாயா? எனக்கு அவருடைய அந்த நாட்கள் ஒன்றுமே கையில் இல்லை. பத்திரமாகத் திருப்பித் தருவேன், சத்தியம்.

அம்மாவுக்கு முத்தம், உனக்கு இரண்டு.
வாலு

பிப்ரவரி 11

அன்புள்ள வாலுவுக்கு,

சளிக்கு வெந்நீர் குடி, வீரம் காட்டாதே. இங்கே அம்மா நன்றாக இருக்கிறாள், நானும் அப்படியே.

நோட்டை இத்துடன் அனுப்புகிறேன். உறையில் போடுமுன் இரண்டு தடவை வெளியே எடுத்துவிட்டேன். கிறுக்குத்தனம்தான். கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு அது. மணி, இடது, வலது, மல்லாக்க. எவ்வளவு தண்ணீர் உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது. இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டுவேன். புண் முதலில் இடுப்பெலும்பு மேல் வந்தது, ஒரு ரூபாய் அகலம். உப்புத் தண்ணீரில் துணி நனைத்து நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும். ஒரு தடவை துடைத்த துணியால் மறுபடி துடைக்கக் கூடாது. இதை யாரும் சொல்லித் தரவில்லை, புத்தகத்தில் படித்தேன்.

வாசனை என்றால் சோப்பு, மூத்திரம், அதற்கு மேல் அவர் தலையில் நான் வைக்கிற எண்ணெய். கோபப்படுவாரா என்று கேட்டாயே, ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டை இடது கையால் தட்டிவிட்டார். நான் கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் கொல்லைப்புறம் போய் உட்கார்ந்துகொண்டேன். கால் மணி நேரம் இருக்கும். உள்ளே வந்து பார்த்தால் அவர் கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்கிறார். மூன்று, மூன்று, மூன்று. மறு முனையில் யாரும் இல்லை. வாலு, அந்தக் கால் மணி நேரத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. நோட்டிலும் எழுதவில்லை. வெறுத்துப்போனதா என்று கேட்டாய், ஆமாம். அன்றைக்கு வெறுத்துத்தான் போனது.

டாக்டர் ஒரே ஒரு தடவைதான் வந்தார். முதுகைப் பார்த்துவிட்டு, “யாரும்மா பாத்துக்கறது? நர்ஸா?” என்றார். நான் தலையாட்டினேன், இல்லை என்று. “படிச்சிருக்கலாமே நீ” என்றார். அப்பா விழுந்த வாரம்தான் எனக்கு நுழைவுத் தேர்வு இருந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இப்போது இல்லை, ஏப்ரலில் சொல்கிறேன். உன் கட்டுரை என்ன ஆயிற்று? எழுதினாயா, எதைப் பற்றி?

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 4

வாலுவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஏழு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நோட்டு வந்து சேர்ந்ததா இல்லையா என்றாவது எழுதக் கூடாதா? தபாலில் தொலைந்திருந்தால் சொல்லிவிடு, மனதைத் தேற்றிக்கொள்கிறேன். அம்மா தினமும் தபால்காரரை மறித்துக் கேட்டு, அந்த ஆள் இப்போது நம் தெருவை விட்டுச் சுற்றிப் போகிறார்.

அக்கா

ஏப்ரல் 16

விண்ணப்பதாரர் எண் 2207 அவர்களுக்கு,

தங்கள் கட்டுரையும் விண்ணப்பதாரர் எண் 0415 அனுப்பிய கட்டுரையும் ஒரே நோயாளியைப் பற்றியும் ஒரே நிகழ்வுகளைப் பற்றியும் பேசுகின்றன. மணிக்கட்டிலிருந்து கணுக்காலுக்குக் கட்டிய கயிறு, மூன்று இழுப்பு, கால் மணி நேரம் கயிற்றை அவிழ்த்துவிட்டுச் சென்றது ஆகியவை இரண்டிலும் உள்ளன. இருவரும் தம் சொந்த அனுபவம் என உறுதியளித்துக் கையொப்பமிட்டுள்ளீர்கள். வீட்டு முகவரியும் ஒன்றே.

எண் 0415 தம் கட்டுரையுடன் ஒரு பராமரிப்பு நோட்டையும் சான்றாக இணைத்துள்ளார். அதிலுள்ள கையெழுத்து தங்கள் கட்டுரையின் கையெழுத்தை ஒத்திருப்பதாகக் குழு கருதுகிறது.

நோயாளியைப் பராமரித்தவர் யார் என்பதைப் பதினைந்து நாட்களுக்குள் இருவரும் தனித்தனியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பதில் வராவிட்டால் இரண்டு விண்ணப்பங்களும் ரத்தாகும். பிறர் அனுபவத்தைத் தமதாகக் காட்டியவர் இனி எந்த ஆண்டும் இங்கு விண்ணப்பிக்க இயலாது. தங்கள் வயது இவ்வாண்டுடன் விண்ணப்ப வரம்பைக் கடப்பதையும் நினைவூட்டுகிறோம்.

சேர்க்கைக் குழுச் செயலர்

ஏப்ரல் 19

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு முகமில்லை.

நீயும் விண்ணப்பித்தாயா? நீயுமா? எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தொட்டிருப்பேனா? பரிசோதனைக் கூடம், சம்பளம், அம்மா என்று நீ அமைதியாகிவிட்டாய் என்றுதான் நினைத்தேன். அந்தக் கதை உனக்கு இனி எதற்கும் உதவாது என்று நினைத்தேன். உன் பெட்டியில் சும்மா கிடப்பது எனக்கு ஒரு வாழ்க்கையாகட்டுமே என்று நினைத்தேன்.

முதலில் நான் வேறு ஏதோதான் எழுதிக்கொண்டிருந்தேன், நம்பு. உன் கடிதத்துக்குப் பிறகு என் மூன்று பக்கமும் வெறும் குப்பையாகத் தெரிந்தது.

அக்கா, உன் காலில் விழுகிறேன். அது நான்தான் என்று எழுதிவிடு. நீ நோட்டில் எனக்காக எழுதித் தந்தாய், நான் சொல்லச் சொல்ல நீ குறித்தாய் என்று எழுதினால் நம்புவார்கள். எனக்கு வயது பத்தொன்பது. என்னைத் தள்ளிவிட்டால் நான் எங்கே போவேன்? அம்மாவுக்கும் எழுதியிருக்கிறேன்.

வாலு

ஏப்ரல் 25

அடியே,

உன் சௌக்கியத்தை நான் கேட்கப்போவதில்லை.

‘சும்மா கிடப்பது’! என் இரண்டு வருஷம் பெட்டியில் சும்மா கிடக்கிற பழைய துணியா, எடுத்து அளவுக்கு வெட்டிப் போட்டுக்கொள்ள? நீ கேட்டாய் என்று நான் பூரித்துப் போனேனடி. கடைசியில் ஒருத்தியாவது கேட்டாளே என்று வேலை நேரத்தில் மேசைக்கடியில் வைத்துப் பக்கம் பக்கமாக எழுதினேன். நீயோ மறுபக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடத்துக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்திருக்கிறாய். படுக்கைப் புண் எங்கே வந்தது, என்ன வாசனை! பாவி, அந்தக் கால் மணி நேரத்தையுமா எடுத்தாய்? நல்லதை எடுத்துக்கொண்டாய், சரி, போகட்டும். என் பாவத்தையும் திருட வேண்டுமா?

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். ஐந்து வருஷம் தள்ளிப் போட்டு, கடைசி வருஷம், கடைசி வாய்ப்பு. தோற்றால் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஜெயித்தால் உனக்குத்தான் முதலில் எழுதுவதாக இருந்தேன். ஒரே கல்லூரியில் அக்காவும் தங்கையும் என்று பைத்தியக்காரி மாதிரி கனவு கண்டேன்.

அம்மா உன் கடிதத்தைப் படித்தாள். “ரெண்டு பேரும் ஒரே அப்பாவுக்குப் பொறந்தவங்கதானே, யாரு செஞ்சா என்ன? நீ பெரியவ, விட்டுக்கொடுத்துடு” என்றாள். “உனக்கு ஒரு வேலை இருக்கு. அவளுக்கு என்ன இருக்கு?” என்றாள். பெரியவளாகப் பிறந்தது நான் செய்த குற்றமா? பொம்மையிலிருந்து விட்டுக்கொடுத்து வருகிறேன்.

குழுவுக்கு என்ன எழுதப்போகிறேன் என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இன்னும் ஆறு நாள் இருக்கிறது.

அக்கா

ஏப்ரல் 28

அக்காவுக்கு,

நான் திருடிதான், மறுக்கவில்லை. ஆனால் நீ என்னிடமிருந்து எடுத்ததையும் கணக்கில் வை.

எனக்குப் பதினாலு வயதிலிருந்து பதினாறு வயதுவரை நீ எழுதிய கடிதங்கள் இருபத்திரண்டு. எல்லாம் இப்போது என் கட்டிலில் பரப்பிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரே மாதிரி ஆரம்பிக்கிறது. ‘இங்கு அனைவரும் நலம். அப்பா நலம். நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகத் தூங்குகிறார். நீ கவலைப்படாமல் படி.’ விடுமுறைக்கு வருகிறேன் என்றால் வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள், சிறப்பு வகுப்பில் சேர்ந்துகொள் என்று ஏதாவது ஒரு காரணம். இருபத்திரண்டு தடவை, அக்கா.

கடைசியில் ஒரு நாள், அப்பாவுக்கு லேசாகக் காய்ச்சல், வந்து பார் என்று எழுதினாய். ஓடி வந்தேன். கழுத்துவரை போர்வை போர்த்தி ஒரு உருவத்தைக் கிடத்தியிருந்தீர்கள். “இது யாரு?” என்றுதான் நான் முதலில் கேட்டேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பெற்ற அப்பாவை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

படிக்கிற பிள்ளை மனசு கலையக் கூடாது என்று அம்மாதான் சொன்னாள் என்று சொல்வாய். பேனா உன் கையில்தானே இருந்தது?

உனக்காவது வெறுக்க ஒரு கால் மணி நேரம் கிடைத்தது. எனக்கு அதுகூட இல்லை. கயிற்றின் மறு முனையில் இருந்தது நான்தான் என்று எழுதும்போது, மூன்று பக்கத்துக்கு அது நிஜமாக இருந்தது. அதனால்தான் கையெழுத்துப் போட முடிந்தது.

இதை நினைத்துப் பார்த்துவிட்டு எழுது.

வாலு

மே 1

வாலுவுக்கு,

நினைத்துப் பார்த்தேன். இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் நினைத்துப் பார்த்தேன். நீ எழுதியதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. இருபத்திரண்டு தடவையும் பொய் எழுதியது நான்தான்.

அதனால்தான் இந்தத் தடவை பொய் எழுத முடியவில்லை. பார்த்துக்கொண்டது நான், நோட்டு என்னுடையது, என் தங்கை அந்த நாட்களில் வீட்டில் இல்லை என்று எழுதிவிட்டேன். அவள் இல்லாமல் போனதற்கு நானும் காரணம், அவளுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள் என்றும் எழுதினேன். கொடுப்பார்களா என்று தெரியாது. கொடுக்க மாட்டார்கள் என்று தெரிந்தேதான் எழுதினேன் என்று நீ நினைத்தால், அப்படியே வைத்துக்கொள்.

அம்மா நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை.

அக்கா

அக்டோபர் 3

அக்காவுக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கு நீ நலம் என நம்புகிறேன்.

உன் நான்கு கடிதங்களும் வந்தன. பதில் எழுத நேரமில்லை. பரிசோதனைக் கூடத்தில் உன் இடத்தையே எனக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று தெரிந்திருக்கும். உன் நாற்காலி, உன் பட்டை, உன் பெயர் எழுதிய அலமாரி. நரம்பு கிடைக்காமல் முதல் வாரம் ஒரு பெரியவரை நான்கு இடத்தில் குத்திவிட்டேன். “பழைய பொண்ணு எங்கம்மா?” என்று கேட்டார். டாக்டராகப் போயிருக்கிறாள் என்று சொன்னேன்.

இந்த மாதம் அரை நாள்தான் வேலைக்குப் போகிறேன்.

அம்மா நலம். நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள். நீ கவலைப்படாமல் படி.

ஒன்று கேட்க வேண்டும். அந்த நீலக் கயிற்றை எங்கே வைத்தாய்? வீடு முழுக்கத் தேடிவிட்டேன். துணி உலர்த்த வேண்டும்.

தங்கை

அக்டோபர் 9

என் வாலுவுக்கு,

உன் கடிதத்தை வகுப்பு நடக்கும்போதே பிரித்தேன். அப்புறம் ஆசிரியர் சொன்னது ஒன்றும் காதில் ஏறவில்லை.

இங்கே என்னை எல்லோரும் ‘கயிறு அக்கா’ என்று கூப்பிடுகிறார்கள், தெரியுமா? சேர்க்கைக் குழுவில் இருந்த ஒருவர் முதல் நாளே வகுப்பில் கதையைச் சொல்லிவிட்டார். கைதட்டினார்கள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

அம்மாவுக்கு என்ன?

துணி உலர்த்த என்று என்னிடமே எழுதுகிறாயா? ‘நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள்.’ அந்த வரியை இருபத்திரண்டு தடவை எழுதிய கை இது. அதற்கு என்ன அர்த்தம் என்று உலகத்தில் என்னைவிட யாருக்குத் தெரியும்? எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது? பேச்சு இருக்கிறதா? டாக்டர் என்ன சொன்னார்? எத்தனை மணிக்கு ஒரு தடவை புரட்டுகிறாய்?

கயிறு என்னிடம்தான் இருக்கிறது. பெட்டியின் அடியில் போட்டு எடுத்து வந்துவிட்டேன். ஏன் என்று கேட்காதே.

இருபதாம் தேதி தேர்வு தொடங்குகிறது. அது கெட்டுப் போகட்டும். என்னைத் திட்டு, அறைய வேண்டுமானாலும் அறை, ஆனால் பொய் மட்டும் எழுதாதே. உண்மையாக ஒரே ஒரு வரி எழுது, அன்றைக்கே கிளம்பி வருகிறேன்.

அக்கா

அக்டோபர் 15

அக்காவுக்கு,

கயிறு வேண்டாம். கடையில் புதிதாக வாங்கிவிட்டேன். இது வாசல்வரை எட்டுகிறது.

இங்கு அனைவரும் நலம். அம்மா நலம். நீ கவலைப்படாமல் படி.

தங்கை